சாட்சிக் கையெழுத்து

தையல் கடை,
பிப்ரவரி 4

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நாங்கள் இருவரும் இங்கே சுகம். மலையைக் குடைகிற இடத்தில் உன் கையும் காலும் குறைவில்லாமல் இருக்கின்றனவா? போன மாதம் அனுப்பிய கம்பளிச் சட்டை தோளில் பிடிக்கிறதா? பிடித்தால் உன் தோள்தான் தப்பு, என் அளவு தப்பாது.

ஒரு சிக்கல். போன ஆகஸ்டில் நான் ஜிம்மில் சேர்ந்தேனே, குடும்பத்தில் ஒருவர் சாட்சி போட வேண்டும் என்று படிவத்தை உனக்குத் தபாலில் அனுப்பினேனே, நீயும் "ஐம்பத்தாறு வயசுல எந்த மல்யுத்தத்துக்கு அத்தான்?" என்று ஓரத்தில் கிறுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டாயே, அதிலிருந்து விலக வேண்டும். இரண்டு வருட ஒப்பந்தம். பாதிகூட ஆகவில்லை.

சேரும்போது கவுண்டரில் இருந்த பெண் "மூணே நிமிஷம் சார்" என்றாள். சொன்னபடி மூன்று நிமிடத்தில் முடிந்தது. விலகப் போனால் அதே பெண் என்னை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்பதுபோல், "அதுக்கு மேனேஜர் வரணும்" என்றாள். மேனேஜர் வந்தார். "சிஸ்டத்துல பாக்கணும்" என்றார். பார்த்தார். "ஒப்பந்தத்துல என்ன இருக்கோ அதுதான் சார்" என்றார். ஒப்பந்தம் பதினோரு பக்கம். ஒரு பக்கம் விலகலாம் என்கிறது. அடுத்த பக்கம், மேற்கண்டது கீழ்க்கண்டதற்கு உட்பட்டது என்கிறது. கீழே போனால் மறுபடி மேலே போ என்கிறது. நூல் சிக்கினால் எனக்கு எடுக்கத் தெரியும். இது எந்த ரகச் சிக்கல் என்றே புரியவில்லை.

நீ சுரங்கக் கம்பெனியோடு மல்லுக்கு நின்று உன் ஒப்பந்தத்தில் நாலு வரியை மாற்ற வைத்த ஆள். நகல் வைத்திருக்கிறேன், படித்து வழி சொல். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. நேரம் கிடைப்பதில்லை, மாதாமாதம் பணம் மட்டும் பிடிக்கிறார்கள்.

அக்கா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அத்தான்


சுரங்க முகாம்,
பிப்ரவரி 21

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். உங்கள் நலமும் அக்கா நலமும் அறிய ஆவல். சட்டை பிடிக்கவில்லை, கச்சிதம். இங்கே கிரேன் ஓட்டுகிறவர்களிலேயே நான்தான் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறேன் என்று சமையல்காரர் சொல்கிறார்.

தபால் ஜீப் பதினைந்து நாளுக்கு ஒரு முறைதான் வருகிறது, போன் சிக்னலோ இந்த மலையைத் தாண்டுவதில்லை. அதனால் உங்கள் ஒப்பந்தத்தை மூன்று தடவை நிதானமாகப் படித்தேன். முதல் தடவை சிரிப்பு வந்தது, இரண்டாம் தடவை கோபம் வந்தது, மூன்றாம் தடவை தூக்கம் வந்தது. கடைசியில் ஒன்பதாம் பக்கத்தில் பிடித்தேன். முன்கூட்டியே விலக ஐந்து ஷரத்து இருக்கிறது. வேறு ஊருக்குக் குடிபோக வேண்டும், அல்லது உங்களால் உடற்பயிற்சி செய்ய முடியாது என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். மூன்றாவது, உறுப்பினர் இறந்துபோவது. அதை நீங்கள் முயற்சி செய்ய வேண்டாம். நாலாவது, வீட்டில் படுக்கையில் இருக்கும் நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பது. அதற்குச் சாட்சி போட்டவரே மறுபடி கையெழுத்துப் போட வேண்டுமாம். நம் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள், அது நமக்கு வேண்டாம். ஐந்தாவதுதான் சுலபம். உங்களுக்குப் பதில் ஒரு ஆளைச் சேர்த்துவிட்டால் நீங்கள் கழன்றுகொள்ளலாம்.

ஆனால் ஒன்று விளங்கவில்லை அத்தான். ஆசைப்பட்டுச் சேர்ந்தவர் நீங்கள். நேரம் இல்லை என்கிறீர்கள். உங்கள் கடை, உங்கள் நேரம், யார் கேட்பது?

அக்காவை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். "கேட்டதாகச் சொன்னாள்" என்று நீங்களே ஆறு மாதமாக எழுதுகிறீர்கள். என்மேல் கோபமா?

அன்புடன்
மச்சான்


தையல் கடை,
மார்ச் 8

அன்புள்ள மச்சானுக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

ஐந்தாவது ஷரத்துக்கு நம் தெரு இஸ்திரிக்காரரை அழைத்துப் போனேன். அவர் அங்கிருந்த இரும்பையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, "நாள் பூரா தூக்குறது பத்தாதா? தூக்குறதுக்கு நான் காசு வேற கொடுக்கணுமா?" என்று கேட்டார். மேனேஜர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். இருவரும் திரும்பி வந்துவிட்டோம்.

இரண்டாவது ஷரத்துக்கு டாக்டரிடம் போனேன். இருபத்தெட்டு வருடம் மெஷின் முன்னால் குனிந்த முதுகு, இதைவிட நல்ல சாட்சி எது என்று நினைத்தேன். அவர் அங்கே இங்கே அழுத்திப் பார்த்து, "முன்னைக்கு இப்ப ரொம்ப நல்லா இருக்கே, என்ன பண்றீங்க?" என்றார். ஜிம்மில் சேர்ந்ததைச் சொன்னேன். "விடாம போங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான்.

வேறு ஏதாவது வழி உண்டா என்று பார். குடிபோகிற ஷரத்து நடக்காது. இப்போதைக்கு நாங்கள் எங்கேயும் நகர முடியாது, அதாவது கடையை விட்டு.

அக்காவுக்குக் கோபமெல்லாம் இல்லை. நான் வீட்டிலிருந்து கிளம்பும்போது காலை பதினோரு மணி, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை.

இப்படிக்கு
அத்தான்


சுரங்க முகாம்,
மார்ச் 23

மதிப்புக்குரிய ஜிம் மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் உறுப்பினராக இருக்கும் தையற்காரர் என் அக்காவின் கணவர். அவருடைய ஒப்பந்தத்தில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவன் நான்.

வேலைப் பளுவால் அவரால் உங்கள் இடத்துக்கு வர முடிவதில்லை. வராத மனிதரிடம் மாதாமாதம் பணம் பிடிப்பது நியாயமா என்று யோசியுங்கள். தண்ணீரே இறைக்காதவனிடம் கிணற்றுக்கு வாடகை கேட்பது போலல்லவா இருக்கிறது? பெரிய மனது பண்ணி ஒப்பந்தத்தை முடித்துக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
சாட்சி


ஜிம் அலுவலகம்,
ஏப்ரல் 7

அன்பார்ந்த சாட்சி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் பூரண நலத்துடன் இருப்பீர்கள் என நம்புகிறோம்.

தாங்கள் எழுதியிருப்பது எங்களுக்குப் பெரும் குழப்பமாக இருக்கிறது. உறுப்பினர் வராமல் இல்லை. போன ஆகஸ்டு முதல் தினமும் காலை ஐந்தரைக்கு வந்து ஆறரைக்குப் போகிறார். மார்ச் மாதத்தில் மூன்று நாட்கள்தான் வரவில்லை. எங்களிடம் அவரளவு ஒழுங்காக வருகிறவர் வேறு யாரும் இல்லை. கைரேகைப் பதிவின் நகலை இணைத்திருக்கிறோம். ஆகவே "பயன்படுத்தவில்லை" என்ற காரணம் செல்லாது.

பயிற்சியாளர் ஒன்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். உறுப்பினர் மற்ற கருவிகள் எதையும் தொடுவதில்லை. மணல் மூட்டை ஒன்றைக் கட்டில் உயரப் பெஞ்சில் படுக்கப் போட்டு, இரு கைகளாலும் அடியில் கொடுத்துத் தூக்கி, நாற்காலியில் மெதுவாக இறக்குகிறார். பிறகு நாற்காலியிலிருந்து பெஞ்சுக்கு. ஒரு மணி நேரமும் இதுவே. மேலும், எல்லோரும் போகப் போக எடையைக் கூட்டுவார்கள். இவர் குறைக்கச் சொல்கிறார். சேர்ந்தபோது மூட்டை அறுபத்தொரு கிலோ. புது வருடத்தில் ஐம்பத்திரண்டு. இப்போது நாற்பத்தாறு. "சார், இப்படிப் பண்ணா உடம்புல பலம் ஏறாது" என்று பயிற்சியாளர் சொன்னதற்கு, "எனக்கு இது போதும் தம்பி" என்றாராம். காரணம் விளங்கவில்லை. தங்களுக்குத் தெரிந்தால் தெரிவிக்கவும்.

என்றும் தங்கள் ஆரோக்கியத்தில் அக்கறையுள்ள,
மேனேஜர்


சுரங்க முகாம்,
ஏப்ரல் 20

அத்தானுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. மேனேஜரின் பதிலை இதோடு வைத்திருக்கிறேன்.

முதலில் எனக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தினமும் போகிறவர் ஏன் போக நேரமில்லை என்கிறார்? மூட்டை ஏன் இளைக்கிறது? கடிதத்தைக் கிரேன் கூண்டுக்கே எடுத்துப் போய்ப் படித்தேன். அங்கேதான் எனக்கு உறைத்தது.

இங்கே எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விலை உயர்ந்த மெஷினைத் தூக்கப் போகிறோம் என்றால், முதல் நாள் அதே எடைக்கு மணலை மூட்டை கட்டி, அதே உயரத்திலிருந்து தூக்கி, அதே உயரத்தில் இறக்கிப் பழகுவோம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. உடையக்கூடிய பொருளுக்கு மட்டும்தான் இப்படிச் செய்வோம். பலத்துக்காகத் தூக்குகிறவன் எடையைக் கூட்டுவான். பொருளுக்காகத் தூக்குகிறவன் பொருளின் எடைக்குத்தான் தூக்குவான்.

அத்தான், நேராகவே கேட்கிறேன். அக்காவின் எடை இப்போது எவ்வளவு?

நேற்று ஜீப்பில் இரண்டு மணி நேரம் போய் மலைக்குக் கீழே இருக்கிற ஊரிலிருந்து கடைப் போனுக்கு அடித்தேன். நாலு தடவை அடித்தேன். வேலை நாளில், கடை நேரத்தில், யாரும் எடுக்கவில்லை. நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன். எதற்குச் சாட்சி என்றே தெரியாமல் எட்டு மாதமாகச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

மச்சான்


வீடு,
மே 2

அன்புள்ள மச்சானுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டு மூன்றாவதாக இதை எழுதுகிறேன்.

நாற்பத்துநாலு.

போன ஜூலையில் அவளுக்குக் கால் மரத்தது. ஆகஸ்டில் எழுந்து நிற்க முடியவில்லை. முதுகெலும்புக்குள் கட்டி என்றார்கள். முதல் நாள் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கினேன். பாதியில் கை விட்டுவிட்டது. அவளைக் கீழே போட்டுவிட்டேன் மச்சான். நானும் மேலேயே விழுந்தேன். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் தரையில் கிடந்தபடியே, "துணிக்கட்டைக்கூட இதவிடப் பாத்து எறக்குவீங்களே" என்று சிரித்தாள். மறுநாள்தான் ஜிம்மில் போய்ச் சேர்ந்தேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நழுவவிடவில்லை.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள். மூன்று வேலையைப் பாதியில் விட்டவன், இந்த ஒன்றில்தான் நிலைத்திருக்கிறான், சொன்னால் அதையும் போட்டுவிட்டு ஓடிவருவான் என்றாள். அவளுடைய உடுப்புகளை மூன்று தடவை பிடித்துத் தைத்துவிட்டேன். இனிப் பிடிக்கத் துணி இல்லை, பிரித்து வெட்டித்தான் தைக்க வேண்டும். மேனேஜர் எழுதின கணக்கு எனக்கு வீட்டிலேயே தெரியும்.

நான் காலையில் போகிற ஒரு மணி நேரம் பக்கத்து வீட்டு டீச்சர் வந்து உட்கார்ந்திருந்தார். மாற்றல் வரப்போகிறது என்று ஜனவரியிலேயே சொல்லியிருந்தார், போன வாரம் கிளம்பிவிட்டார். தனியாக விட முடியவில்லை. கடையையே பாதி நாள்தான் திறக்கிறேன், அதுவும் அவள் தூங்குகிற நேரமாகப் பார்த்து. ஜிம்முக்குப் பிடிக்கிற பணம் இருந்தால் மருந்துக்கு ஆகும். நாலாவது ஷரத்தை எனக்கு முதல் நாளே தெரியும். அதற்கு உன் கையெழுத்து வேண்டும், கேட்டால் உனக்குத் தெரிந்துவிடும் என்றுதான் சுற்றி வளைத்தேன். இப்போது மறைக்க ஒன்றும் இல்லை. படிவம் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

என்மேல் கோபப்படு, தப்பில்லை. அவள்மேல் படாதே.

அத்தான்


மே 3

என் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், படுத்துக்கொண்டு பென்சிலால் எழுதினால் இப்படித்தான் வரும். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? அத்தான் கடை வரைக்கும் போயிருக்கிறார். துணி வாங்க வந்த இஸ்திரிக்காரர் இதைத் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லி வெளியே நிற்கிறார். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அத்தான் ஒரு படிவம் அனுப்பியிருப்பார். நீ அதில் கையெழுத்துப் போடாதே.

உன்னிடம் மறைத்ததற்கு நான்தான் காரணம், அதற்கு என்னைத் திட்டிக்கொள். ஆனால் இதைக் கேள். டாக்டர் என்னிடம் மறைக்கவில்லை. இந்த வருடக் கடைசியை நான் பார்க்க மாட்டேன். எனக்கு அதில் பெரிய சண்டை இல்லை. எனக்குக் கவலை உன் அத்தானைப் பற்றித்தான். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு வீட்டை விட்டால் கடை, கடையை விட்டால் வீடு. சிநேகிதன் என்று ஒரு ஆள் கிடையாது. அந்த ஜிம்முக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் யாரோ சொன்ன ஜோக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து, பாதி மறந்துபோய், தப்புத் தப்பாக என்னிடம் சொல்கிறார். அங்கே நாலைந்து பேர் இருக்கிறார்களாம், இவர் வராவிட்டால் கேட்கிறார்களாம். என்னைத் தூக்குவதற்காகத்தான் அங்கே போவதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைக்கட்டும்.

நான் போன பிறகு காலையில் கண் விழித்தால் அவருக்குப் போக ஒரு இடம் வேண்டுமடா. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுவார், எனக்குத் தெரியும். அந்த ஒப்பந்தத்தில் இன்னும் ஒன்றே கால் வருடம் இருக்கிறது. அது போதும், அதற்குள் பழகிவிடும்.

இதை அவரிடம் சொல்லாதே. எனக்காகப் போக வேண்டும் என்று தெரிந்தால் அங்கேயும் போய் அழுதுகொண்டு நிற்பார்.

அக்கா


சுரங்க முகாம்,
மே 19

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் நேற்று ஜீப்பில் வந்தது. கோபம் இருக்கிறது. அதை நேரில் வந்து தீர்த்துக்கொள்கிறேன்.

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். மாதப் பிடித்தத்தை என் பேங்க் கணக்குக்கு மாற்றச் சொல்லி மேனேஜருக்கு எழுதிவிட்டேன், மருந்துப் பணத்தில் இனிக் கை வைக்க வேண்டியதில்லை.

சம்பளம் இல்லாத லீவு கேட்டேன். மேஸ்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "போய்ட்டு வா, கிரேன் எங்கயும் ஓடிப் போகாது" என்றார். வேலையை விடவில்லை என்று அக்காவிடம் முதலில் சொல்லுங்கள். ஜூன் 3 அன்று வந்து சேர்கிறேன்.

நான் வந்த மறுநாளிலிருந்து காலை ஐந்தரைக்கு நீங்கள் ஜிம்முக்குப் போக வேண்டும். ஒரு நாளும் தவறக் கூடாது. அந்த ஒரு மணி நேரம் நான் அக்கா பக்கத்தில் இருப்பேன். அவளை எப்படித் தூக்குவது என்று எனக்குச் சொல்லிக் கொடுங்கள். என் கைக்கு லீவரைத்தான் பிடிக்கத் தெரியும்.

வந்துகொண்டிருக்கும்
மச்சான்


வீடு,
நவம்பர் 11

அன்புள்ள மச்சானுக்கு,

மலையில் குளிர் தொடங்கியிருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள். நான் இருக்கிறேன்.

அவள் போய் ஐந்து வாரம், நீ முகாமுக்குத் திரும்பி மூன்று வாரம். கடையைத் திறக்கவில்லை. தைக்க வாங்கின துணியெல்லாம் அப்படியே கிடக்கிறது. தினமும் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். உட்கார்ந்தபடியே பத்து மணி ஆகிவிடும். என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றும் புரிவதில்லை.

இன்று காலை, பணம்தான் பிடிக்கிறார்களே, மச்சான் சம்பளம் வீணாகிறதே என்று தோன்றியது. எழுந்து ஜிம்முக்குப் போனேன். யாரிடமும் எதுவும் சொல்லக் கூடாது என்றுதான் போனேன். உள்ளே நுழைந்ததும், காலையில் எங்களோடு வருகிற பேங்க் வாட்ச்மேன், "எங்க சார் ஆளையே காணோம்? நீங்க இல்லாம இங்க யாருக்கும் சிரிப்பே வரல" என்றார். அவரிடம், "என் வீட்டுக்காரி போய்ட்டாங்க" என்றேன். அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அங்கேயே அழுதுவிட்டேன். வாட்ச்மேன் தன் துண்டைக் கொடுத்தார், வேர்வை நாற்றம் தாங்கவில்லை. நாலு பேர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். யாரும் ஒன்றும் தூக்கவில்லை. கிளம்பும்போது, "நாளைக்கு வரீங்களா சார்?" என்று பயிற்சியாளர் கேட்டார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் ஒன்று யோசித்தேன். அந்தப் படிவத்தில் நீ கையெழுத்துப் போட்டிருந்தால் இன்று எனக்குப் போக இடம் இருந்திருக்காது. அப்போது உன்மேல் எனக்கு வருத்தம்தான். நாலு மாதம் கூடவே இருந்தாய், கேட்கவில்லை. அவளிடம் ஒரு நாள் கேட்டேன், உன் தம்பி ஏன் இப்படிப் பண்ணினான் என்று. "அவனுக்கு எப்பவுமே குரங்குப் புத்தி" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று எனக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை.

நீ ஏன் கையெழுத்துப் போடவில்லை மச்சான்? உனக்குத் தெரிந்திருந்தால் எழுது. நாளைக் காலை ஐந்தரைக்குப் போக வேண்டும், அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

உன்
அத்தான்